கறுப்பில் 87 பங்கு: வெள்ளி என்னும் உலோகத்தின் வரலாறு குறித்து

1

எங்க அப்பத்தாவிடம் ஒரு ஜோடி வெள்ளித் தண்டை இருந்தது. அதை அவள் காலில் போட்டு நான் பார்த்ததில்லை. பூண்டும் வெங்காயமும் போட்டு வைக்கிற மண்பானையின் அடியில், கந்தல் துணியில் சுற்றிக் கிடக்கும். நல்ல நாள் பெரிய நாளில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போட்டுவிடுவாள். கரிக்கட்டை மாதிரி இருக்கும். சின்ன வயசில் அதை இரும்பு என்றே நினைத்திருந்தேன். வெள்ளி என்று தெரிந்த பிறகு ஒரு பொங்கலுக்கு, 'குடு அப்பத்தா, புளி போட்டுத் தேச்சு வெள்ளையாக்கித் தாரேன்' என்றேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

'கறுத்தே கெடக்கட்டும்டா. வெள்ளையா இருந்தாத்தான அடுத்தவன் கண்ணுல படும்.'

கல்லூரியில் வேதியியல் படித்து, அதே பாடத்தை முப்பது வருசத்துக்கும் மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். வெள்ளியின் அணு எண் 47; குறியீடு ஏஜி; உருகுநிலை சுமார் 962 டிகிரி செல்சியஸ்; அடர்த்தி தண்ணீரைப் போல் பத்தரை மடங்கு. மின்சாரத்தையும் வெப்பத்தையும் கடத்துவதில் இதை மிஞ்சிய உலோகம் கிடையாது. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அப்பத்தா சொன்ன அந்த ஒரு வாக்கியம் பாடப்புத்தகத்தில் இல்லை. தனிமத்தின் குணங்கள் என்று நாம் படிக்கிற பட்டியலுக்கும், அந்தத் தனிமம் சமூகத்துக்குள் வந்து படுகிற பாட்டுக்கும் இடையில் ஒரு பெரிய பள்ளம் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

பெயரிலிருந்தே தொடங்கலாம். வெள்ளி என்றால் வெண்மையானது. பழந்தமிழில் 'பொன்' என்பது தங்கத்தை மட்டுமல்லாமல் உலோகங்கள் எல்லாவற்றையும் குறித்தது. இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். ஐம்பொன் என்கிற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதாவது எல்லாம் பொன்தான், நிறம் மட்டும்தான் வேறு என்று பேசிய ஒரு மொழி நம்முடையது. பிறகு எப்போதோ பொன் என்றால் தங்கம் மட்டும் என்றாகி, மற்றவை எல்லாம் கீழே இறங்கிவிட்டன.

இந்தப் படிநிலை உடம்பின் மேலும் வரையப்பட்டது. தங்கம் லட்சுமி, அதை இடுப்புக்குக் கீழே போடக் கூடாது, காலுக்கு வெள்ளிதான் என்று இன்றைக்கும் வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். ஏதோ ஆதியிலிருந்து வந்த விதி மாதிரி. ஆனால் கண்ணகியின் காலில் கிடந்தது பொற்சிலம்பு. அந்தக் காப்பியத்தில் யாரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வழக்கே உள்ளே மாணிக்கமா முத்தா என்பதில்தான். ஆக, தலைக்கு ஓர் உலோகம், காலுக்கு ஓர் உலோகம் என்கிற ஒழுங்கு பின்னால் கட்டமைக்கப்பட்டது. வாயில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று மனிதர்களைப் பிரித்து வைத்த அதே உடல் வரைபடத்தில்தான் உலோகங்களும் இடம் பிடித்திருக்கின்றன. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வெள்ளி என்று பெயர் இருந்தாலும் அது வெள்ளையாகவே இருப்பதில்லை. இரும்பைப் போல அதற்குத் துரு ஏறாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மட்டும் அதைச் சாதாரணமாக ஒன்றும் செய்துவிடுவதில்லை. அதன் பலவீனம் கந்தகம். அடுப்புப் புகையில், சாக்கடைக் காற்றில், வேர்வையில், முட்டையில், பூண்டில், வெங்காயத்தில், பெருங்காயத்தில் என்று எங்கெல்லாம் கந்தகச் சேர்மம் இருக்கிறதோ அதோடு கூடிச் சில்வர் சல்ஃபைடு என்கிற கறுப்புப் படலமாகிறது. நம்ம ஊரில் ஒரு பெண்ணின் கொலுசு கறுத்தால், அவள் உடம்பில் சூடு, உடம்புக்கு ஏதோ ஆகவில்லை என்பார்கள். காற்றின் வேலையைப் பெண்ணின் உடம்பின் மேல் போடுவது நமக்குப் பழகிய காரியம். கறுப்பு வந்துவிட்டால் குற்றவாளி யார் என்று தேடுகிற புத்தி நமக்கு வேதியியலுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

3

அந்தத் தண்டை எங்கிருந்து வந்தது? அப்பத்தாவின் அப்பா ரங்கூனில் மூட்டை தூக்கியவர். அன்றைக்குப் பர்மாவும் இந்திய ரூபாய் ஓடிய நாடு. திரும்பி வரும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்த வெள்ளி ரூபாய்களில் இருபதை உருக்கி, மகள் கல்யாணத்துக்குத் தண்டை அடித்துப் போட்டார். அதனால் அதன் எடையை வீட்டில் 'இருபது ரூவா எடை' என்பார்கள். ஒரு ரூபாய் என்பது 180 கிரெயின் எடை, இன்றைய கணக்கில் சுமார் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1835இல் கம்பெனி அரசு இந்தியா முழுமைக்கும் வைத்த அளவு இது. ரூபாய் என்கிற சொல்லே வெள்ளியைக் குறிக்கும் ரூப்ய என்பதிலிருந்து வந்ததுதான். மலேயா போய் வந்தவர்கள் டாலரை வெள்ளி என்றார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழில் இன்றும் பணத்தின் பெயர் வெள்ளிதான்.

இந்த வெள்ளி நம்ம மண்ணில் கொட்டிக் கிடந்தது அல்ல. இதற்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி மலையில் 1545இல் ஸ்பானியர்கள் வெள்ளியைக் கண்டார்கள். 1570களில் மித்தா என்னும் கட்டாய வேலை முறையை அமைத்து, சுற்றுப்புற மாகாணங்களின் பூர்வகுடி ஆண்களை முறைவைத்து அந்தச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம். அதைத் தோண்டியதும் அவர்கள்தான், அதன் புகையைக் குடித்ததும் அவர்கள்தான். அந்த முறை சட்டப்படி ஒழிய 1812 ஆனது. அந்த வெள்ளி ஐரோப்பா சுற்றி வந்து குஜராத்திலும் வங்காளத்திலும் சோழமண்டலக் கரையிலும் துணி வாங்கியது. ஐரோப்பியரிடம் நமக்கு விற்க வேறு சரக்கு அதிகமில்லை. கம்பெனிக் கப்பல்கள் கிழக்கே கொண்டுவந்ததில் பெரும் பகுதி வெள்ளிதான். 1757க்குப் பிறகு, 1765இல் வங்காளத்தின் வரி வசூல் கைக்கு வந்த பிறகு, அந்தச் செலவும் குறைந்தது. நம்ம வரிப் பணத்திலேயே நம்ம துணியை வாங்க முடிந்தது.

மிச்சம் இருந்த வெள்ளி குடியானவன் வீட்டுக்குள் நகையாகப் போய் உட்கார்ந்தது. இதைப் பொருளாதார மேதைகள் பலர் கேலி செய்திருக்கிறார்கள். 1913இல் கெயின்ஸ் எழுதிய இந்திய நாணயம் பற்றிய நூலிலும், இந்தியர்களின் இந்த உலோக ஆசை வளர்ச்சிக்குக் கேடு என்கிற குரல்தான். கேடுதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எங்க பாட்டனை எந்த வங்கி உள்ளே விட்டது? அவருக்குத் தெரிந்த ஒரே வங்கி மகளின் கால்.

1876-78 தாது வருசப் பஞ்சத்தில் அந்த வங்கி வேலை செய்தது. பம்பாய் நாணயச் சாலைக்கு உருக்க வந்த நகைகள் பெருகின. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து, கூலி போக ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். நகையும் பணமும் ஒரே பொருளின் இரண்டு உருவம். 1870களில் ஜெர்மனியும் மற்ற நாடுகளும் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்குப் போக, உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. ரூபாயின் மதிப்பும் கூடவே இறங்கியது. இந்திய அரசு லண்டனுக்குக் கட்ட வேண்டிய தொகையோ தங்கக் கணக்கில் இருந்தது. அதைச் சமாளிக்க 1893 ஜூனில் நாணயச் சாலைகளைப் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடினார்கள். அன்றோடு வெள்ளி வேறு, ரூபாய் வேறு. அடுத்த பஞ்சம் 1896-97இல் வந்தபோது காலிலிருந்து கழற்றிய வெள்ளி வெறும் வெள்ளி. வியாபாரி சொன்னதே விலை.

1870களின் தொடக்கத்தில் லண்டனில் ஓர் அவுன்சு வெள்ளி சுமார் 60 பென்சு. 1930 கடைசியில் 20 பென்சுக்கும் கீழே. எங்க பாட்டன் இருபது ரூபாயை உருக்கிய அந்தக் கணமே அதன் மதிப்பில் பெரும் பகுதியை நெருப்பில் போட்டுவிட்டார் என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். விவரம் கெட்ட மனுசன் என்றும் சொல்லலாம். ஆனால் ரூபாயாக இருந்தால் அது மருமகன் வீட்டுக்குப் போகும். தண்டையாக இருந்தால் மகளுடையது. அந்த விவரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கும் ரூபாய்க்கும் இடையிலான இந்த உறவை ஆராய்ந்து லண்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர் அம்பேத்கர். 'ரூபாயின் பிரச்சினை' என்று 1923இல் நூலாக வந்தது. நம்மில் பலரும் அவரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திக்கொள்வதால் இந்த நூல் பேச்சில் வருவதே இல்லை. வெள்ளி பற்றி அவர் இன்னொரு இடத்திலும் பேசியிருக்கிறார். அதற்கு அடுத்து வருகிறேன்.

4

தண்டையை அப்பத்தா போட்டிருந்தது ஒரு வருசம் இருக்கும். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், 1946இல் வெளியான தன் சாதி பற்றிய நூலில் இந்தப் பட்டியலைக் கொடுத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை, செருப்பு கூடாது. பட்டியலில் முதலாவதாக நிற்பது: பொன், வெள்ளி நகை போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போயிற்று. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் புதுப்பிக்கப்பட்டன. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று.

எங்க ஊரில் தீ வைக்கவில்லை. சேதி வந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. 'அன்னைக்கு ராத்திரியே கழட்டிட்டேன்' என்பாள் அப்பத்தா. 'எங்க ஒளிக்கிறது? வீட்டுல கெடக்குறதே நாலு பானை. பூண்டுப் பானைக்குள்ள போட்டேன். ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா மை மாதிரி கறுத்துக் கெடக்கு. மொதல்ல அழுதேன். அப்புறந்தான் நல்லதாப் போச்சுன்னு பட்டுச்சு. எவன் வந்து பானையை ஒடைச்சாலும் இரும்புன்னு விட்ருவான்ல?'

பூண்டின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும் என்பதை அவள் எந்த ஆய்வுக்கூடத்திலும் படிக்கவில்லை. ஆனால் கண்டுகொண்டாள், கண்டதைப் பயன்படுத்தினாள். ஒரு தனிமத்தின் குணத்தை ஒரு தடையை ஏமாற்றப் பயன்படுத்துவது அறிவியல் இல்லையென்றால் வேறு எது அறிவியல் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அம்பேத்கர். 1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் பேசும்போது, சேலை கட்டும் விதத்தை மாற்றச் சொன்னார். கூடவே, முழங்கை வரை அடுக்கிய வெள்ளி வளையல்களையும் கனத்த மலிவான நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். இவைதாம் உங்களைத் தீண்டத்தகாதவர் என்று பார்த்த மாத்திரத்தில் காட்டிக்கொடுக்கின்றன. போட்டால் தங்கம் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு இடைவெளி. மகாடில் வெள்ளி அடிமையின் அடையாளம், கழற்றுவது விடுதலை. இராமநாதபுரத்தில் வெள்ளி திமிரின் அடையாளம், போடுவது கலகம். இரண்டு இடத்திலும் இருப்பது அதே 47 புரோட்டான். ஆகவே அடையாளம் உலோகத்துக்குள் இல்லை. யார் போட்டால் என்ன அர்த்தம் என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் எவன் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. தனிமத்துக்குக் குணம் உண்டு, தகுதி கிடையாது. தகுதியை நாம்தான் அதன் மேல் பூசுகிறோம். இதனாலேயே 'வெள்ளி போட உரிமை கொடு' என்பதும், 'உன் வெள்ளி எனக்கு வேண்டாம்' என்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்று நினைக்கிறேன். இரண்டும் அந்தத் தீர்மானிக்கிற கையைத் தட்டிவிடுகிற காரியம்.

5

1972இல் நான் பி.எஸ்ஸி. சேர்ந்தபோது பணம் கட்ட வழியில்லை. அப்பத்தா தண்டையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், ஒன்றை வைத்துக்கொண்டாள். அப்பாவோடு நானும் டவுனில் நகை வாங்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் தண்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

'என்னப்பா இது, இவ்வளவு அழுக்கு? எங்க கெடந்துச்சு?'

'ரூவா வெள்ளிங்க மொதலாளி. பழசு.'

'எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. அழுக்குக்கு ஒரு ரூவா எடை கழிச்சுக்கிறேன்.'

அப்பா தலையாட்டினார். பத்து ரூபாய் எடையில் ஒன்று, அதாவது பத்தில் ஒரு பங்கு அழுக்கு என்று போயிற்று. ரூபாய் வெள்ளி என்பதற்கான மதிப்பும் கிடைக்கவில்லை.

இரண்டாம் வருடம் வகுப்பில் சேர்மங்களின் எடை விகிதம் கணக்குப் போடும்போது, தற்செயலாகச் சில்வர் சல்ஃபைடு வந்தது. வெள்ளி அணு இரண்டு, ஒவ்வொன்றும் 107.87. கந்தகம் ஒன்று, 32.06. கூட்டி வகுத்தால் நூற்றுக்கு 87. அந்தக் கறுப்பில் 87 பங்கு வெள்ளிதான்! இன்றைக்குக் கடையில் பளபளவென்று தொங்குகிற மட்ட வெள்ளிக் கொலுசுகளில் பலவற்றைவிட அந்த 'அழுக்கு' உயர்ந்த சரக்கு. அதுவும் அந்தப் படலம் தலைமுடியைவிட மெல்லியது; எடை பார்த்தால் தராசு முள் அசையாது. அவர் கழித்தது அழுக்கின் எடையை அல்ல. கொண்டுவந்த ஆளைப் பார்த்துக் கழித்தார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. திருநீறோ பல்பொடியோ போட்டு நாம் வெள்ளியைத் தேய்க்கும்போது கறுப்பு மட்டும் போவதில்லை. அந்தக் கறுப்புக்குள் இருக்கிற வெள்ளியும் சேர்ந்தே துணியில் போய்விடுகிறது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் நகை கொஞ்சம் இளைக்கிறது. தூய்மை என்று நாம் செய்கிற காரியம் பல சமயங்களில் பொருளையே தேய்த்துத் தள்ளுகிற காரியம்தான்.

6

வெள்ளி கறுப்பாக இருக்கும்போது பயனற்றது என்பதும் ஒரு புனைவு. சுத்தமான வெள்ளியே நுண்ணிய துகளாக இருந்தால் கறுப்பாகத்தான் தெரியும். 1839இல் தொடங்கிய புகைப்படக் கலை நெடுங்காலம் இதன் மேல்தான் நின்றது. வெள்ளி உப்பு பூசிய பரப்பில் வெளிச்சம் பட்ட இடம் கறுக்கிறது. நெகட்டிவில் நாம் பார்த்த கறுப்பு, வெள்ளி. தாத்தா பாட்டிகளின் முகம் நமக்கு மிஞ்சியிருப்பது வெள்ளி கறுத்ததால்.

அதே வெள்ளியை வைத்துத்தான் சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் நம்ம ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார், மூக்கை அளந்தார், 1909இல் சாதிகளும் பழங்குடிகளும் என்று ஏழு தொகுதி போட்டார். போடக் கூடாதென்று தடுக்கப்பட்ட உலோகத்தில் நம்மைப் பதிந்து வைத்துக்கொள்வதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

சினிமாவுக்கும் இதே கதிதான். வெள்ளித்திரை என்று சொல்லிக்கொள்கிறோம். பழைய படச்சுருள்கள் அழிந்ததற்குத் தீ, புழுக்கம், அலட்சியம் என்று பல காரணங்கள் உண்டு. சுருளை ஊறவைத்து வெள்ளியைப் பிரித்து விற்றதும் அவற்றில் ஒன்று. 1910களின் கடைசியில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. படத்துக்கு மதிப்பில்லை, அதிலுள்ள வெள்ளிக்கு மதிப்பு என்று கணக்குப் போட்ட சமூகம் இது. பழைய எக்ஸ்ரே படங்களை எடைக்கு வாங்குகிறவர்கள் இன்றும் அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

நாம் தினமும் 'சில்வர்' என்று சொல்கிற பாத்திரத்தில் ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. எவர்சில்வர் என்பது இரும்பும் குரோமியமும் நிக்கலும். கறுக்காத வெள்ளி வேண்டும் என்கிற நம்ம ஆசைக்கு வைத்த பெயர். ஆனால் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது என்று இருந்த வீடுகளுக்குள் அந்தப் போலி வெள்ளி வந்து சேர்ந்ததை நான் குறைவாகப் பேச மாட்டேன்.

நிஜ வெள்ளியோ பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில்தான் உழைக்கிறது. சுவிட்சுக்குள் மின்சாரம் தொட்டு விலகுகிற முனையில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரித் தீக்காய வார்டில், வெந்த உடம்பின் மேல் பூசுகிற வெள்ளைக் களிம்பில் இருக்கிறது. சில்வர் சல்ஃபாடயசின் என்கிற அந்த மருந்து 1960களின் கடைசியில் வந்தது. வெள்ளி அயனி கிருமியைக் கொல்லும். 'ஸ்டவ் வெடித்து' வந்து படுத்த எத்தனையோ பெண்களின் உடம்பில் கடைசியாக ஏறிய வெள்ளி இதுதான். அதற்கு எடை போட்டவர் யாருமில்லை. சூரிய மின்தகடுகளின் முகத்தில் மெல்லிய கோடுகளாக ஓடுவதும் பெரும்பாலும் வெள்ளிக் குழம்புதான். இன்று உலகில் செலவாகும் வெள்ளியில் பாதிக்கு மேல் நகைக்கோ நாணயத்துக்கோ அல்ல, தொழிற்சாலைக்கே போகிறது.

பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. அதில் ஒரு துண்டான இன்றைய இராமநாதபுரத்தின் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், ஒரு காலத்தில் எங்க பெண்கள் காலில் போட்டால் குடிசை எரிந்த உலோகத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

7

மிச்சம் இருந்த ஒற்றைத் தண்டை இப்போது என் மகளிடம் இருக்கிறது. போன வருசம் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். தேய்க்காதே என்றேன். காரணமும் சொன்னேன். 'தேய்க்க மாட்டேம்ப்பா, நீங்க சொல்லிக்குடுத்ததுதானே' என்று ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, தண்டையை அதைத் தொடும்படி வைத்து, சமையல் சோடா போட்டு வெந்நீரை ஊற்றினாள். இந்த முறையில் கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தின் பக்கம் போய்விடும். வெள்ளி திரும்பவும் வெள்ளியாக அங்கேயே தங்கும், எடை குறையாது.

கொஞ்ச நேரத்தில் லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு. வகுப்பில் ஆயிரம் முறை முகர்ந்த வாசனை. ஆனால் அந்தக் கந்தகம் அப்பத்தாவின் பூண்டுப் பானையிலிருந்து ஏறியது என்று உறைத்தபோது அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். தொண்ணூறு வருசத்துக்கு மேல் அதை அந்தத் தண்டை பிடித்து வைத்திருந்திருக்கிறது.

மகள் அதைத் துடைத்து ஒரு காலில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

சாயங்காலம் வந்து கழற்றி வைத்தாள். 'மறுபடியும் கறுக்கும்ல?' என்றாள். கறுக்கும் என்றேன். 'கறுக்கட்டும், போடும்போது பாத்துக்கலாம்' என்றாள். இந்த முறை அது பானைக்குள் போகவில்லை, மேசை மேல்தான் கிடக்கிறது.